நிரப்பத்தக்க ஒப்பந்தத் திருத்தப் படிவம்

ஒப்பந்தத் திருத்தப் படிவம் என்பது, ஏற்கெனவே கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின் சில கூறுகளை மட்டும் இரு தரப்பின் இசைவோடு மாற்றி, மற்றவை அப்படியே தொடரும் என்று பதிவு செய்யும் ஆவணத்தின் வார்ப்புரு ஆகும். இணைய ஆவணத் தொகுப்பி ஒன்றில் இதை நிரப்பத்தக்க படிவமாக உருவாக்கினால், நிரந்தர வாசகங்கள் பூட்டப்பட்டிருக்கும். பெயர், தேதி, தொகை, மாற்றத்தின் விவரம் போன்ற இடங்களை மட்டுமே மற்றவர்கள் நிரப்ப முடியும். இணைப்பைக் கைப்பேசிக்கு அனுப்பி, அங்கேயே நிரப்பி வாங்கலாம்.

வாடகை, வேலைவாய்ப்பு, கூட்டுத்தொழில், சரக்கு வழங்கல் என எந்த ஒப்பந்தத்துக்கும் இப்படிவம் பொருந்தும். இக்கட்டுரை வீடு கட்டும் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. சொந்த மனையில் வீடு கட்டும் ஒருவருக்கும் கட்டட ஒப்பந்ததாரருக்கும் இடையிலான உடன்பாடு போல அடிக்கடி மாறும் ஒப்பந்தம் வேறொன்றைச் சொல்வது கடினம். அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வாய்வார்த்தையாகவே நின்றுவிடுகின்றன.

திருத்தப் படிவம் ஏன் தேவைப்படுகிறது

எடுத்துக்காட்டுக்கு, 1,200 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் கட்டித் தர ஒப்பந்தம் போடப்பட்டுள்ளது என்று கொள்வோம். மொத்தம் 26,40,000 ரூபாய். லிண்டல் மட்டம் வந்த பிறகு உரிமையாளர் முன்பக்கம் ஒரு பால்கனி வேண்டும் என்கிறார். ஒப்பந்ததாரர் 'போட்டுக்கலாம் சார், அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்' என்கிறார். பிறகு அறைகளுக்கு லாஃப்ட் கூடுகிறது, தரையில் டைல்ஸுக்குப் பதில் கிரானைட் வருகிறது, சம்ப் சற்றுப் பெரிதாகிறது. இறுதிக் கணக்கில் இவையெல்லாம் 'எக்ஸ்ட்ரா வேலை' என்ற ஒரே தலைப்பில் ஒரு பெருந்தொகையாக வந்து நிற்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது. எது பழைய விலைக்குள் அடங்கும், எது கூடுதல், எந்த வீதத்தில் கூடுதல் என்பதில் இருவர் நினைவும் ஒத்துப்போவதில்லை. இதில் இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். வேலை நடந்த நாளில் எழுதி வைக்காததே குறை.

இதற்கு மூல ஒப்பந்தத்தின் கோப்பையே திறந்து எண்ணை மாற்றி, மறுபடி அச்சிடுவது தீர்வாகாது. கையெழுத்தான ஆவணத்தில் ஒரு தரப்பு தன்னிச்சையாக முக்கிய மாற்றம் செய்தால் அந்த ஆவணத்தின் செல்லுபடியே கேள்விக்குள்ளாகும் என்பது பழைய சட்டக் கொள்கை. இங்கிலாந்தில் 1614இல் தீர்ப்பான பிகோட் வழக்கிலிருந்து இக்கொள்கை எடுத்தாளப்பட்டு வருகிறது. இரு தரப்பும் சேர்ந்தே மாற்றினாலும், முன்பு என்ன இருந்தது, எப்போது மாறியது என்ற வரலாறு அழிந்துவிடும். ஆகவே மூல ஒப்பந்தத்தைத் தொடாமல், அதன் மேல் எண்ணிட்ட தனித் திருத்தங்களை அடுக்கிக்கொண்டு போவதே முறை.

திருத்தம், பிற்சேர்க்கை, துணை ஒப்பந்தம் என்ற சொற்கள் வழக்கில் ஒன்றுக்கொன்று மாறி வருகின்றன. இருப்பதை மாற்றுவது திருத்தம், இல்லாததைச் சேர்ப்பது பிற்சேர்க்கை என்று பிரித்துக்கொள்ளலாம். ஆவணத்தின் தலைப்பைக் காட்டிலும் உள்ளே எழுதியிருப்பதே கணக்கில் கொள்ளப்படும்.

சட்டப் பின்னணி

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 62ஆம் பிரிவு திருத்தத்துக்கு அடிப்படை. தரப்பினர் பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியதை ஏற்கவோ, அதைக் கைவிடவோ, மாற்றவோ இசைந்தால் மூல ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியதில்லை என்கிறது அப்பிரிவு. திருத்தம் சரியாக எழுதப்படாவிட்டால், 'பழைய ஒப்பந்தமே போய்விட்டது, இது புதிய ஒப்பந்தம்' என்று ஒரு தரப்பு வாதிட இது இடம் தரலாம். உத்தரவாதக் காலம், தாமதத்துக்கான ஈடு, பொருள்களின் தரம் போன்ற பழைய விதிகள் அப்போது ஆட்டங்காணும். 'இங்கு மாற்றப்பட்டவை தவிர மூல ஒப்பந்தத்தின் மற்ற எல்லா விதிகளும் மாற்றமின்றித் தொடரும்' என்ற ஒரு வரி எல்லாத் திருத்தங்களிலும் இடம்பெறுவது இதனால்தான். இது சடங்குக்காக எழுதப்படும் வரி அல்ல.

வாய்மொழி மாற்றம் செல்லவே செல்லாது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. எழுத்து ஒப்பந்தத்தைப் பின்னாளில் வாய்மொழியாக மாற்றியதை நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. சட்டப்படி எழுத்தில்தான் இருக்க வேண்டிய ஒப்பந்தங்களும் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தங்களும் இதற்கு விலக்கு. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 95ஆம் பிரிவாக உள்ளது. வீடு கட்டும் ஒப்பந்தம் பொதுவாகப் பதிவு செய்யப்படுவதில்லை. எனவே பால்கனி பற்றிய வாய்ப்பேச்சும் செல்லலாம். ஆனால் அதை யார், எதைக் கொண்டு மெய்ப்பிப்பது என்பதே பிரச்சினை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் அவர் ஈடு தர வேண்டும் என்ற 70ஆம் பிரிவும் ஒப்பந்ததாரருக்கு ஓரளவு துணை நிற்கும். எவ்வளவு ஈடு என்பதை அப்போதும் நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஒரு பக்கப் படிவம் செய்திருக்கக்கூடிய வேலைக்கு இது மிக நீண்ட வழி.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு பிரிவு 133. ஒப்பந்தத்துக்குப் பிணை நின்றவரின் சம்மதமின்றி நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளைப் பொறுத்தவரை அவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். முன்பணம் வாங்கிய ஒப்பந்ததாரருக்கு வேறொருவர் பிணை நின்றிருந்தால், திருத்தப் படிவத்தில் அவர் கையெழுத்துக்கும் இடம் வேண்டும்.

பதிவு செய்யப்பட்ட ஆவணங்களின் நிலை வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை போன்ற, பதிவு கட்டாயமான ஆவணங்களின் முக்கிய விதிகளை வெறும் இணையப் படிவத்தால் மாற்றிவிட முடியாது. திருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அடுக்ககத்தில் வீடு வாங்குவோருக்கும் கட்டுநருக்கும் இடையிலான மாற்றங்களை 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தனியே கட்டுப்படுத்துகிறது. மேலும், பால்கனியோ கூடுதல் அறையோ அனுமதி பெற்ற வரைபடத்தை மீறுவதாக இருந்தால், இருவர் கையெழுத்திட்ட திருத்தம் அவர்களுக்கிடையே மட்டுமே செல்லும். உள்ளாட்சி அமைப்பிடம் திருத்திய வரைபடத்துக்கான அனுமதி வாங்கும் கடமை அப்படியே இருக்கும்.

எந்தக் கருவி பொருத்தமானது

கேள்வி கேட்டுப் பதில் திரட்டும் கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற கருவிகள் இதற்குப் பொருந்தா. அவை தரவைச் சேகரித்து அட்டவணையில் இடும். கையெழுத்திடத்தக்க ஆவணத்தைத் தாமாகத் தருவதில்லை. கூகுள் டாக்ஸில் எழுதிப் பகிரலாம். ஆனால் திருத்தும் உரிமை தந்தால் மற்றவர் வாசகத்தையும் மாற்றலாம், தராவிட்டால் கோடிட்ட இடத்தைக்கூட நிரப்ப முடியாது. மேசைக் கணினிக்கான மைக்ரோசாஃப்ட் வேர்டில் உள்ளடக்கக் கட்டுப்பாடுகளை அமைத்து, மற்ற பகுதிகளைத் திருத்தத் தடை விதிக்கலாம். லிப்ரெஆபிஸ் ரைட்டரில் படிவக் களங்கள் அமைத்துப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யலாம். இரண்டும் நல்ல வழிகளே. உருவாக்குதல், பகிர்தல், நிரப்புதல் மூன்றும் உலாவிக்குள்ளேயே முடிய வேண்டுமானால் படிவ வசதி கொண்ட இணையத் தொகுப்பி தேவை.

அத்தகைய ஒன்று ஒன்லிஆபிஸ். லாட்வியாவின் ரீகாவில் தொடங்கிய அசென்சியோ சிஸ்டம் நிறுவனத்தின் படைப்பான இதன் தொகுப்பிகள் ஏஜிபிஎல் உரிமத்தின் கீழ்த் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கின்றன. 2022 ஜனவரியில் வந்த 7.0 பதிப்பில் நிரப்பத்தக்க படிவ வசதி சேர்ந்தது. அப்போது வார்ப்புருவுக்கு ஒரு கோப்பு வகை, நிரப்பும் படிவத்துக்கு இன்னொரு கோப்பு வகை எனத் தனக்கேயுரிய இரு வடிவங்களைப் பயன்படுத்தியது. அவற்றைப் பிற மென்பொருள்களில் திறப்பது சிரமமாக இருந்தது. 2024 ஜனவரியின் 8.0 பதிப்பிலிருந்து படிவங்கள் நேரடியாகப் பிடிஎஃப் வடிவிலேயே உருவாகின்றன. பிடிஎஃப் படிவக் களங்கள் 1996இன் பிடிஎஃப் 1.2 பதிப்பிலிருந்தே உள்ள பழைய தரம் என்பதால் இது நல்ல மாற்றம்.

படிவத்தின் வாசகம்

களங்களை அமைக்கத் தொடங்குமுன் வாசகத்தை முடித்துவிட வேண்டும். பலர் கருவியைத் திறந்து களங்களை இழுத்து வைத்துவிட்டுப் பிறகு வாக்கியம் அமைக்கிறார்கள். அப்படி உருவாகும் படிவத்தில் ஏதாவது ஒரு முக்கிய வரி விடுபட்டிருக்கும். வீடு கட்டும் ஒப்பந்தத்துக்குப் பின்வரும் வாசகம் போதுமானது:

'______ தேதியில், ______ (இனி உரிமையாளர்), ______ (இனி ஒப்பந்ததாரர்) ஆகியோர் ______ முகவரியிலுள்ள மனையில் வீடு கட்டுவதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு (இனி மூல ஒப்பந்தம்) இது திருத்தம் எண் ____ ஆகும். இதற்கு முன் செய்யப்பட்ட திருத்தங்கள்: ____.

மூல ஒப்பந்தத்தின் ____ ஆம் விதியில் தற்போது உள்ளது: ______. அதற்குப் பதிலாக இனி இருக்க வேண்டியது: ______.

இத்திருத்தத்துக்கு முன் மொத்தத் தொகை ரூ. ______. இத்திருத்தத்தால் கூடுவது / குறைவது ரூ. ______. திருத்திய மொத்தத் தொகை ரூ. ______ (எழுத்தில் ______). வேறுபாட்டுத் தொகை ______ நிலைத் தவணையோடு கணக்கிடப்படும்.

வேலை முடிக்க வேண்டிய தேதி: மாற்றமில்லை / ______ வரை நீட்டிக்கப்படுகிறது.

இத்திருத்தம் ______ முதல் நடைமுறைக்கு வரும். இங்கு மாற்றப்பட்டவை தவிர மூல ஒப்பந்தத்தின் மற்ற எல்லா விதிகளும், முந்தைய திருத்தங்களும் மாற்றமின்றித் தொடரும்.'

'தற்போது உள்ளது', 'இனி இருக்க வேண்டியது' என்ற இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பது முக்கியம். 'பால்கனி சேர்க்கப்படுகிறது' என்று மட்டும் எழுதினால் எந்த விதி மாறியது என்பது தெரியாது. பழைய வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்தெழுத வேண்டியிருக்கும்போது மூல ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டிய கட்டாயமும் வருகிறது. பல தகராறுகள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கூடுதல் என்று எண்ணியது ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பதும், இருப்பதாக எண்ணியது இல்லாததும் அப்போதுதான் தெரியவரும்.

தொகை பற்றிய மூன்று இடங்களும் அதே அளவு முக்கியமானவை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 60 சதுர அடிப் பால்கனிக்கு அதே வீதத்தில் 1,32,000 ரூபாய் கூடி, முதல் திருத்தத்தின் முடிவில் மொத்தம் 27,72,000 ஆகிறது. அடுத்து 400 சதுர அடித் தரைக்கு டைல்ஸுக்குப் பதில் கிரானைட். சதுர அடிக்கு 90 ரூபாய் வேறுபாடு என்றால் 36,000 கூடும். இரண்டாவது திருத்தத்தை எழுதுபவர் முதல் திருத்தத்தை மறந்து, மூல ஒப்பந்தத்தின் 26,40,000இலிருந்து கணக்கைத் தொடங்கினால் புதிய மொத்தம் 26,76,000 என்று பதிவாகும்; சரியான தொகை 28,08,000. பால்கனிக்கான 1,32,000 ரூபாய் எழுத்தில் மறைந்துவிட்டது. பின்னால் கையெழுத்தான ஆவணத்தில் குறைந்த தொகை இருப்பதால் ஒப்பந்ததாரர் இதை விளக்கிப் புரியவைப்பது கடினம். 'முந்தைய திருத்தங்கள்' என்ற களமும், 'இத்திருத்தத்துக்கு முன் மொத்தத் தொகை' என்ற சொல்லாட்சியும் இந்தப் பிழையைத் தடுப்பதற்காகவே உள்ளன.

களங்களை அமைத்தல்

ஒன்லிஆபிஸில் புதிய பிடிஎஃப் படிவத்தைத் தொடங்கி, வாசகத்தை ஒட்டியபின், 'ஃபார்ம்ஸ்' என்ற தாவலில் களங்கள் கிடைக்கும். கோடிட்ட ஒவ்வோர் இடத்திலும் சுட்டியை வைத்துத் தேவையான களத்தைச் செருக வேண்டும். வலப்புறப் பலகத்தில் அக்களத்தின் அமைப்புகள் தோன்றும்.

பெயர், முகவரி, மாற்ற விவரம் ஆகியவற்றுக்கு உரைக் களம். மாற்ற விவரத்துக்குப் பல வரிகளை அனுமதிக்கும் தெரிவை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட வாக்கியம் ஒரே வரியில் ஓடிப் பாதி மறையும். தவணை நிலைக்குக் கீழ்விரி பட்டி ஏற்றது: பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் கான்கிரீட், பூச்சு வேலை, இறுதி ஒப்படைப்பு என்று மூல ஒப்பந்தத்தில் உள்ள நிலைகளையே அதில் தர வேண்டும். தேதி நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதற்கு ஒற்றைத் தெரிவுப் பொத்தான்கள். இரண்டுக்கும் ஒரே குழுப் பெயர் இருந்தால்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றது விலகும். மறந்தால் 'கூடுகிறது', 'குறைகிறது' இரண்டும் ஒரே நேரத்தில் குறிக்கப்பட்ட விசித்திரப் படிவம் திரும்பி வரும்.

உரிமையாளர் பெயர் படிவத்தில் மேலே ஒரு முறை, கையெழுத்துக்குக் கீழே ஒரு முறை வரும். இரண்டு களங்களுக்கும் ஒரே 'கீ' பெயரைக் கொடுத்தால் ஒன்றில் எழுதியது மற்றதிலும் தானே நிரம்பும். மேலே 'முருகேசன்', கீழே 'முருகேசன் கே.' என்பது போன்ற வேறுபாடுகள் இதனால் தவிர்க்கப்படும். இவ்வசதியைத் தொகைக் களங்களில் கவனமின்றிப் பயன்படுத்தக் கூடாது. பழைய மொத்தமும் புதிய மொத்தமும் ஒரே கீயில் இருந்தால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் மாறிவிடும். அட்டவணைச் செயலியைப் போல இக்களங்கள் தாமாகக் கூட்டித் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கூட்டல் சரியா என்பதை இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் தொகை கேட்பதும் அதற்குத்தான்.

தேதிக் களத்தில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 03/04/2025 என்பது ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்ற ஐயம் வராதபடி, மாதம் எழுத்தில் வரும் வடிவமே நல்லது. கைப்பேசி எண் களம் முன்னிருப்பாக அமெரிக்க எண் அமைப்பில் இருக்கும். இந்தியாவின் பத்து இலக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பில் 9 என்ற குறி 'எந்த இலக்கமும் வரலாம்' என்று பொருள்படும். ஆகவே +91 என்பதைக் களத்துக்குள் எழுதினால் அதிலுள்ள 9உம் நிரப்ப வேண்டிய இடமாகிவிடும். நாட்டுக் குறியீட்டைக் களத்துக்கு வெளியே சாதாரண வாசகமாக வைப்பது எளிது.

எவை கட்டாயக் களங்கள் என்பதைச் சிந்தித்தே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால், தேதி மாற்றமில்லாத திருத்தத்தில்கூட ஏதோ ஒரு தேதியை எழுதியே தீர வேண்டிய நிலை வரும். கடனுக்கு எழுதிய அந்தத் தேதி பின்னாளில் வினையாகும். திருத்த எண், மூல ஒப்பந்தத் தேதி, மூன்று தொகைகள், நடைமுறைக்கு வரும் தேதி, கையெழுத்துகள் ஆகியவை கட்டாயமாக இருந்தால் போதும். ஆதார் எண்ணைக் கேட்கும் களம் வேண்டாம். மூல ஒப்பந்தமே ஆள்களை அடையாளம் காட்டிவிடுகிறது. பலர் கைக்குப் போகும் இணைப்பில் அந்த எண்ணை உலவ விடுவதால் பயனில்லை.

தமிழில் நிரப்பும்போது

மென்பொருள்கள் எழுத்து வரம்பைக் கணக்கிடும்போது பெரும்பாலும் யூனிகோடு குறிகளையே எண்ணுகின்றன. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. எனவே 20 எழுத்து வரம்பு வைத்த பெயர்க் களத்தில் நடுத்தர நீளமுள்ள தமிழ்ப் பெயரும் தலைப்பெழுத்தும் சேர்ந்தால் இடம் போதாமல் போகலாம். அரசுப் படிவங்களைப் போல ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரிக்கும் சீப்பு அமைப்பைத் தமிழ்க் களங்களுக்கு இடவே கூடாது. உயிர்மெய்யின் குறி தனிக் கட்டத்தில் போய் விழும் வாய்ப்பு உண்டு. கைப்பேசி எண், அஞ்சல் குறியீட்டு எண் போன்றவற்றுக்கு மட்டும் அது பொருத்தமானது.

எழுத்துரு இன்னொரு தொல்லை. நிரப்பிய படிவத்தைத் தரவிறக்கிச் சில பிடிஎஃப் காட்டிகளில் திறந்தால் களத்துக்குள் உள்ள ஒகர, ஔகாரக் குறிகள் இடம் பிசகியோ, எழுத்துகள் வெறும் கட்டங்களாகவோ தெரிவதுண்டு. நிலையான வாசகம் சரியாகத் தெரிவதால் பிரச்சினை உடனே கண்ணில் படாது. பகிர்வதற்கு முன் 'கொடுமுடி', 'மேட்டுப்பாளையம்', 'கௌரி' போன்ற சொற்களைக் களத்தில் இட்டு, தரவிறக்கி, கைப்பேசியிலும் கணினியிலும் திறந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவையே முழு ஆவணத்துக்கும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

யார் எதை நிரப்புவது

ஒவ்வொரு களத்தையும் ஒரு பங்குடன் இணைக்கலாம். உரிமையாளர், ஒப்பந்ததாரர், பிணையாளர் என மூன்று பங்குகளை உருவாக்கினால் ஒவ்வொருவருக்குமான களங்கள் தனித்தனி வண்ணத்தில் தெரியும். நிரப்பும் வரிசையையும் நிர்ணயிக்கலாம். மாற்ற விவரத்தையும் விலையையும் முதலில் ஒப்பந்ததாரர் எழுதிக் கையெழுத்திட, உரிமையாளர் அதைப் படித்துப் பின் கையெழுத்திடுவது இயல்பான வரிசை. மாறாக, உரிமையாளர் முதலில் கையெழுத்திட்ட படிவத்தில் தொகைக் களம் காலியாக இருந்தால் அது வெற்றுத்தாளில் கையெழுத்திட்டதற்குச் சமம்.

பகிரும்போது இணைப்பைப் பெறுபவருக்குப் படிக்க, கருத்துரைக்க, படிவம் நிரப்ப, முழுமையாகத் திருத்த எனப் பல உரிமைகளில் ஒன்றைத் தரலாம். இங்கு தர வேண்டியது படிவம் நிரப்பும் உரிமை மட்டும். முழு உரிமை தந்துவிட்டால் இவ்வளவு நேரம் களம் அமைத்ததற்குப் பொருளே இல்லை. 'மற்ற எல்லா விதிகளும் தொடரும்' என்ற வரியை மறுதரப்பு நீக்கியிருந்தாலும் தெரியாது. ஒன்லிஆபிஸின் டாக்ஸ்பேஸ் சேவையில் படிவம் நிரப்புவதற்கென்றே தனி அறை அமைக்கலாம். அதில் மூலப் படிவம் மாறாமல் இருக்க, நிரப்பிக்கொண்டிருப்பவையும் நிரப்பி முடித்தவையும் வெவ்வேறு கோப்புறைகளில் சேரும். ஒரே ஒப்பந்ததாரர் ஒரே நேரத்தில் பல வீடுகள் கட்டும்போது இது மிகப் பயன்படும். நிரப்பிய விவரங்கள் ஓர் அட்டவணையிலும் திரள்வதால் எந்த வீட்டுக்கு எத்தனை திருத்தம், எவ்வளவு தொகை என்று ஒரே பார்வையில் காணலாம்.

இணைப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதே நடைமுறை. அது வேறு யாருக்கும் மறுஅனுப்பப்படலாம் என்பதால் கடவுச்சொல்லும் காலாவதித் தேதியும் வைப்பது நல்லது. கடவுச்சொல்லை அதே செய்தியில் எழுதக் கூடாது.

கையெழுத்து, முத்திரைத்தாள்

படிவத்தில் விரலால் வரையும் கையெழுத்தும், படமாகச் செருகும் கையெழுத்தும் வெறும் படங்களே. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அங்கீகரிக்கும் மின்கையொப்பம் வேறு; எண்முறைச் சான்றிதழ் வழியாகவோ ஆதார் சார்ந்த மின்கையொப்பச் சேவை வழியாகவோ இடப்படுவது அது. ஆனால் அதே சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு முறையில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. சிறிய மாற்றங்களுக்குப் படக் கையெழுத்தும், அதனுடன் 'திருத்தம் 2ஐப் படித்து ஒப்புக்கொண்டேன்' என்று இருவரும் அனுப்பும் செய்தியும் ஓரளவு சான்றாகும். பெருந்தொகைத் திருத்தத்துக்கு மின்கையொப்பமோ, அச்சிட்டு மையால் இடும் கையெழுத்தோ சிறந்தது. உயில், அறக்கட்டளை போன்றவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால் அவற்றின் திருத்தங்களுக்கு இந்த முறையைப் பின்பற்றக் கூடாது.

இந்திய முத்திரைச் சட்டம் 1899இன் 35ஆம் பிரிவின்படி, உரிய தீர்வை செலுத்தாத ஆவணம், தீர்வையும் தண்டமும் கட்டும்வரை சான்றாக ஏற்கப்படாது. மூல ஒப்பந்தம் முத்திரைத்தாளில் போடப்பட்டிருந்தால், முக்கியத் திருத்தங்களையும் முத்திரைத்தாளில் அச்சிடுவதே வழக்கம். அதற்கேற்ப முதல் பக்கத்தின் மேற்பாதியைக் காலியாக விட்டுப் படிவத்தை வடிவமைக்க வேண்டும். முத்திரைத்தாளில் முத்திரைக்குக் கீழேதான் எழுத இடம் இருக்கும். இதை நினையாமல் அமைத்த படிவத்தின் தலைப்பும் திருத்த எண்ணும் முத்திரையின் மேலேயே அச்சாகிவிடும். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து மட்டும் தனியே நிற்காமல், விதிகளின் கடைசி ஓரிரு வரிகளாவது அதனுடன் வரும்படி பக்கத்தைப் பிரிக்க வேண்டும்.

பாதுகாத்தல்

எல்லோரும் நிரப்பிய பிறகு, மேலும் மாற்ற முடியாத சாதாரணப் பிடிஎஃப் ஆக ஒரு படியை எடுத்து, அதே நாளில் இரு தரப்பின் மின்னஞ்சலுக்கும் அனுப்ப வேண்டும். கோப்பின் பெயரிலேயே திருத்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதியது' என்ற பெயர்களால் யாருக்கும் பயனில்லை. நிரப்பிய மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும்போது, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படுகிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும் என்பதால், கையெழுத்தான அன்றே ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டு மின்னஞ்சலில் குறித்து வைப்போரும் உண்டு. அவ்வளவு தூரம் போகாதவர்கள், மேகச் சேவையின் கணக்கு என்றாவது மூடப்படலாம் என்பதை எண்ணி, கணினியிலும் வேறொரு நினைவகத்திலும் ஆளுக்கொரு படியாவது வைத்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட படிகளை மூல ஒப்பந்தத்தோடு திருத்த எண் வரிசையில் சேர்த்துத் தைத்து வைப்பது பழைய முறை; வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடனுக்கோ ஆவணங்களைக் கேட்பவர்கள் இன்றும் முதலில் அந்தக் கட்டைத்தான் பார்க்கிறார்கள்.